மாமன் சீர் அப்புத்தளைக்குப் போனது

இராமையா செத்துப்போனதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எத்தனை மணிக்குத் தூக்குவது என்பதில்தான் அடிதடியே நடந்துவிடும் போலிருந்தது.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தவர்கள் மூங்கிலைக் கீழே போட்டுவிட்டு நியாயம் பேச வந்துவிட்டார்கள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகுகாலம். அதற்கு முன்னால் தூக்கிவிட வேண்டும். இதுவரை எல்லாரும் ஒற்றுமை. எந்த நாலரை என்பதில்தான் கட்சி பிரிந்துவிட்டது.

தோட்டத்து ஸ்டோரில் இருக்கிற கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தது எந்தத் துரை என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. இருட்டோடு இருட்டாக ஆட்கள் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு வந்து நிற்கவேண்டும் என்று எந்தக் காலத்திலோ செய்துவைத்த வேலை. அன்றிலிருந்து தோட்டம் அரை மணி முன்னாலேயே எழுந்து, அரை மணி முன்னாலேயே தின்று, அரை மணி முன்னாலேயே தூங்கிக்கொண்டிருந்தது. ரயிலும் வட்டகொடைக் கடைவீதியும் மற்ற உலகமும் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தன.

"நம்ம நாலரைதான்," என்றார் தலைவர் பெரியதம்பி, கைக்கடிகாரத்தைத் தட்டி. சங்கத்துத் தலைவர் என்பதால் எதையாவது தட்டாமல் அவருக்குப் பேச வராது. "இருவத்தேழு வருசம் இந்தத் தோட்டத்து மணிய அடிச்ச மனுசன். அவரு அடிச்ச நேரத்துக்குத்தான் அவரத் தூக்கணும். அதான் மரியாத."

"மரியாத வேறங்க, ராகு வேற," என்றார் பண்டாரம். அவர் கடைவீதியிலிருந்து மேலே ஏறி வந்தவர், மடியில் பஞ்சாங்கம். "பஞ்சாங்கத்துல போட்டிருக்கிறது ரயில் நேரம்."

"பஞ்சாங்கம் எழுதுனவரு ரயில்லயா போயி எழுதுனாரு?"

லயத்து அறையான காம்பராவுக்குள் பெண்களோடு உட்கார்ந்திருந்த வேலாயிக்குப் பொறுக்கவில்லை. பக்கத்துக் காம்பராக்காரி. நல்லது கெட்டது எதுவானாலும் முதல் ஆளாக வந்து, கடைசி ஆளாகப் போகிறவள். அங்கிருந்தே சத்தம் போட்டாள்.

"ஏந்தலைவரே, ராகு என்ன நம்ம தோட்டத்து ஆளா? செக்றோல்ல பேரு பதிஞ்சிருக்கானா, நம்ம மணிக்கு வந்து நிக்க?"

வெளியே சிலர் சிரித்துவிட்டு, சாவு வீடு என்பது ஞாபகம் வந்து இருமினார்கள்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மாக்கண்ணு சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. இருபத்தோரு வருசம் குடித்தனம் பண்ணிய புருசன் நீட்டிப் படுத்திருக்கிறான், கண்ணில் பொட்டுத் தண்ணீர் காணோம். வந்த பெண்கள் எல்லாரும் இதைக் கவனித்துவிட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு அதுவா கவலை? அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு நிமிசம். இந்தச் சனமெல்லாம் வெளியே போய், கதவைச் சாத்தி, அவர் காதில் ஒரு சொல் சொல்ல ஒரு நிமிசம். நேற்றைக்கே சொல்லியிருக்கலாம். அந்தப் பாவி மனுசன் கேட்கவும் கேட்டார்.

நேற்று சனிக்கிழமை, அரை நாள் வேலை. இராமையா பகல் மணியை அடித்துவிட்டு வந்தார், சோறு தின்றார், இஸ்தோப்புத் திண்ணையில் சாக்கை விரித்துச் சாய்ந்தார். அம்மாக்கண்ணு வாசலில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, அன்னிக்கி அப்புத்தளையில உனக்குக் கொஞ்சங்கூட சந்தோசமா இல்லையா?"

எட்டு வருசமாக, வருசத்துக்கு நாலு தடவையாவது வந்துவிடும் இந்தக் கேள்வி. பதிலும் எட்டு வருசமாக ஒன்றுதான்.

"ஒரு மண்ணும் இல்ல."

"இன்னிக்காவது நெசத்தச் சொல்லேன்."

"நெசந்தான் சொல்றேன். ஒரு மண்ணும் இல்ல. சும்மா படுங்க."

"சரி, சரி," என்று சிரித்தார். அவள் அடுப்பை மூட்டித் தேத்தண்ணி போட்டு எடுத்துக்கொண்டு வந்தபோது உடம்பு இருந்தது, ஆள் இல்லை. முகத்திலிருந்து சிரிப்புகூட முழுசாகப் போயிருக்கவில்லை.

அவள் சொன்னது பச்சைப் பொய். அதுதான் இப்போது நெஞ்சுக்குழியில் வந்து உட்கார்ந்துகொண்டு, அழக்கூட விடமாட்டேன் என்றது.

அந்தப் பயணத்தின் கதை தோட்டத்தில் தெரியாதவர் கிடையாது. காரணம், சொன்னது அம்மாக்கண்ணு. பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது சொல்வாள், கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும்போது சொல்வாள், அம்மன் திருவிழாவுக்கு வெளித்தோட்டத்து ஆள் யாராவது வந்து மாட்டினால் பிடித்து உட்காரவைத்துச் சொல்வாள். இராமையாவின் நடையையும் குரலையும் அப்படியே செய்துகாட்டுவாள். அவரும் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

இராமையாவின் தங்கை காளியாயியை வட்டவளையில் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் மகள் பரிமளம் வயசுக்கு வந்து, சடங்குக்கு நாள் குறித்தார்கள். தாய்மாமன் கொண்டுபோகிற பட்டைக் கட்டித்தான் பெண் மணையில் உட்கார வேண்டும். மாமன் வராமல் ஒன்றும் நடக்காது. அப்பேர்ப்பட்ட மாமன் நம்ம இராமையா. அரக்கு நிறத்தில் ஒரு பட்டு, தேங்காய், வெல்லம், வாழைப்பழத் தாறு, கூடையில் ஒரு சேவல். பெண்சாதி, மகன் முத்துலிங்கம் சகிதம் புறப்பட்டார்.

கீழே போகிற ரயில் வட்டகொடைக்கு எட்டு மணிக்கு வரும். ரயிலுக்கு எட்டு என்றால் தோட்டத்துக்கு எட்டரை. அரை மணியைக் கூட்ட வேண்டும். தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகூடச் சொல்லும். தோட்டத்துக்கே மணி அடிக்கிற மகராசன் அதைக் கழித்துவிட்டார். ஒரு மணி நேரம் முன்னதாகவே ஸ்டேஷனில் போய் நின்றார்கள்.

அதோடு விட்டிருந்தாலும் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. அந்த நேரம் பார்த்து மேலே போகிற ரயில் வந்து நின்றது. ஆளுக்கு ஆள் முகம் தெரியாத மூட்டம், எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்தப் பக்கம் போகிறது, ஒன்றும் தெரியவில்லை. டிக்கட் கொடுத்தவர் கூண்டுக்குள்ளிருந்து என்னவோ சொன்னார். இராமையா நின்று கேட்டால்தானே? "பாத்தியா புள்ள, நெனச்ச நேரத்துக்கு டாண்ணு வந்து நிக்கிது!" என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு ஏறினார். இந்த 'டாண்ணு' வரும்போது அம்மாக்கண்ணு எழுந்து நின்று செய்துகாட்டுவாள். கேட்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

வட்டவளைக்கு இறங்க வேண்டிய சீர் நானுஓயாவுக்கு ஏறி, பட்டிப்பொலைக்கு ஏறியது. அங்கே டிக்கட் பார்க்க வந்தவர் தலையில் கைவைத்துக்கொண்டு, "மே கோச்சிய பதுல்லட்ட யன்னே!" என்றார். பதுளைக்குப் போகிற வண்டியாம். அப்புத்தளையில் இறக்கிவிட்டார்கள். திரும்பி வருகிற ரயில் மத்தியானம்தான். வட்டவளை போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. நல்ல நேரம் தவறிவிடும் என்று பங்காளி மாமன் ஒருவர் கிடைத்த சேலையைக் கொடுத்துச் சடங்கை முடித்திருந்தார். காளியாயி தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாள். வாங்க என்று சொல்லவில்லை. அன்றைக்கு நின்ற பேச்சுத்தான்.

"மாமன் சீரு அப்புத்தளைக்குக் காத்து வாங்கப் போச்சு!" என்று அம்மாக்கண்ணு முடிப்பாள்.

அப்புத்தளையில் என்ன நடந்தது என்று யாராவது கேட்டால், "என்னத்த நடந்துச்சு, உக்காந்திருந்தோம், வந்தோம்," என்று தாண்டிவிடுவாள்.

காலையிலிருந்து வருகிறவர்களும் அந்தக் கதையைத்தான் அவளுக்கே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கட்டிப்பிடித்து அழுவார்கள், மூக்கைச் சிந்துவார்கள், பிறகு, "என்னா மனுசன்! டாண்ணு வந்து நிக்கிதுன்னு ஏறுனாரே அக்கா!" என்பார்கள். அவள் சொல்லிக்கொடுத்த சொல், அவள் காட்டிய கையசைப்பு. செத்தவரைப் பற்றிச் சொல்ல அவர்களுக்கு வேறொன்றும் இல்லை. இருபத்தேழு வருசம் மழையிலும் பனியிலும் ஒருநாள் தவறாமல் எழுந்துபோய் மணி அடித்த மனுசனை ஒரு தப்புக் கணக்காகச் சுருக்கிவைத்தது நான்தானே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது.

உண்மையில் அப்புத்தளையில் நிறைய நடந்தது. ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு கல்கட்டு. அதில் உட்கார்ந்தால் மலை சட்டென்று முடிந்துவிடும். கீழே தேயிலை, அதற்குக் கீழே காடு, அதற்கப்பால் கண்ணுக்கெட்டியவரை தட்டையாகத் தரை, தரை முடிகிற இடத்தில் மினுமினுவென்று ஒரு கோடு. அம்மாக்கண்ணு பிறந்ததிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை மூஞ்சிக்கு நேரே வந்து நிற்கும். கண் இத்தனை தூரம் ஓடும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"அந்தா, கடலு," என்றார் இராமையா.

"மூட்டம்."

"கடலுங்கிறேன்."

"கெழக்கு மேற்குத் தெரியாம ரயிலேறுன ஆளு, கடலக் காட்ட வந்துட்டாரு."

அதுவரைக்கும் வசவுதான். ஆனால் காற்று அடித்தது பாருங்கள், எலும்புவரை போகிற காற்று. பல் கிட்டித்துப் பேச்சு நின்றது. இராமையா தாம்பாளத்திலிருந்து பட்டை எடுத்துப் பிரித்து அவள் தோளைச் சுற்றிப் போர்த்தினார்.

"ஐயையோ, சீருப் பட்டுங்க!"

"சீரு இனிமே நேரத்துக்குப் போகப்போறதில்ல. உங்குளிராவது அடங்கட்டும்."

முத்துலிங்கம் போய்க் கடையில் சுடச்சுட ரொட்டியும் மாசிச் சம்பலும் வாங்கிவந்தான். பட்டைப் போர்த்திக்கொண்டே தின்றாள். அந்த நேரம் சேவல் கட்டை அவிழ்த்துக்கொண்டு தண்டவாளத்தில் ஓடியது. இராமையா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பின்னால் ஓட, ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக்கொடியை விரித்துக்கொண்டு எதிரில் மறிக்க, சேவல் வால் இறகை இராமையா கையில் விட்டுவிட்டுக் கொடிக்கு மேலே பறந்தது. அம்மாக்கண்ணு சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தவர் அவள் சிரிப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

பேர் போடக் கணக்கப்பிள்ளை இல்லை, நிறுக்கக் கொழுந்து இல்லை, ஊத அடுப்பு இல்லை. கல்யாணமானதிலிருந்து புருசன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது அந்த ஒரு பகல்தான். அப்புறமும் அப்படி ஒரு பகல் வாய்க்கவில்லை.

இதை அவரிடம் சொல்லியிருந்தால் ஆகாசத்துக்குக் குதித்திருப்பார். 'பாத்தியா, என் தப்பு இல்லன்னா உனக்கு இது கெடைச்சிருக்குமா' என்று தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். பிறகு திட்டுவதற்கு அவளிடம் என்ன இருக்கும்? அத்தோடு, சீர்ப் பட்டைப் போர்த்தின விசயம் காளியாயி காதுக்கு எட்டினால் வட்டவளையிலிருந்து தீ கிளம்பி வரும். ஆகவே ஒரு மண்ணும் இல்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று எட்டு வருசம் ஓடிவிட்டது.

காலையில் ஒருதரம், கூட்டம் கொஞ்சம் விலகியபோது, அவர் முகத்தருகே குனிந்தாள். வேலாயி பாய்ந்து பிடித்தாள். "அக்காவுக்கு மயக்கம் வருது! தண்ணி கொண்டாங்க!" முகத்தில் தண்ணீர் அடித்து, வாயில் தேத்தண்ணியை ஊற்றினார்கள். இன்னொருதரம் குனிந்தபோது, "கூடவே போயிருவேன்ங்குது, பிடிங்க!" என்று நாலு பேர் பின்னால் இழுத்தார்கள். மூன்றாவது தடவை அவளே விட்டுவிட்டாள். இன்னொரு கோப்பை தேத்தண்ணி குடிக்க வயிற்றில் இடம் இல்லை.

வெளியே சண்டை முற்றியது. தலைவர் சொல்கிற நேரம் என்றால் இன்னும் அரை மணியில் தூக்க வேண்டும். வட்டவளை ரயில் இப்போதுதான் வந்திருக்கும். ஸ்டேஷனிலிருந்து மேலே ஏற முக்கால் மணி நேரம். அதில் வருகிற காளியாயி அண்ணன் முகத்தைப் பார்க்க முடியாது. பண்டாரம் சொல்கிற நேரம் என்றால் மயிரிழையில் பார்க்கலாம். முத்துலிங்கம் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்தான்.

"அம்மா, தலைவரு நேரமாச்சுங்கிறாரு. அத்தைக்காகக் காக்கணுமா?"

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பின. நாத்தனாரோடு எட்டு வருசம் பேச்சுவார்த்தை இல்லாதவள் என்ன சொல்வாள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

"எந்தக் கடிகாரமா இருந்தாலும் சரி," என்றாள் அம்மாக்கண்ணு. "அவரு கூடப்பொறந்தவ வராம தூக்கப்படாது. ராகு வந்தா ஒரு தேத்தண்ணி குடுத்து உக்கார வைங்க."

காளியாயி வந்துசேர்ந்தாள். கூடவே மகள் பரிமளம், இடுப்பில் அவள் கைக்குழந்தை. லயத்து முனையிலேயே தலைமுடியை அவிழ்த்துவிட்டு, மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்து, அண்ணன் காலில் விழுந்து, பிறகு நேரே அம்மாக்கண்ணுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒப்பாரியில் பேச்சுவார்த்தை இருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை. காளியாயிக்கு நல்ல குரல். ஏறி வந்த மூச்சுக்கூட இறங்கவில்லை, எடுத்தாள்.

"மாமன் வருவாருன்னு
மணை போட்டுப் புள்ளையிருக்க,
பட்டு வருமுன்னு நான்
பாதையில நின்னிருக்க,
வட்டவளை விட்டுப்போட்டு – கூடப்பொறந்த சாமி
அப்புத்தளை போனீகளே!"

சுற்றியிருந்த பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். அழுவதற்கா சிரிப்பதற்கா என்று அவர்களுக்கே நிச்சயமில்லை. காளியாயி எட்டு வருசத்து வழக்கை ஒன்றுவிடாமல் பாட்டில் வைத்தாள். விளக்கு வைத்து வந்த சீரைப் பாடினாள். தாற்றில் பாதிப் பழத்தைக் காணோம் என்பதைப் பாடினாள். வாலில்லாத சேவலைப் பாடினாள்.

இனி அம்மாக்கண்ணு பதில் எடுக்க வேண்டும். என்ன எடுப்பாள், வழக்கம்போல 'டாண்ணு'தான் எடுப்பாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவளுக்கும் வாயில் அதுதான் வந்தது. விழுங்கினாள். பிறகு வேறு எதுவோ வந்தது.

"நேரந் தவறுனீக – என் ராசா
நெடுந்தூரம் போனீக,
ஊருசனம் சிரிக்கையில
ஒத்தச் சொல்லுப் பேசலையே,
காத்து அடிக்குதுன்னு – என் ராசா
கல்லுமேல உக்காரவச்சு,
சீருப் பட்டெடுத்து – எனக்குச்
சேத்துப் போத்துனீக..."

காளியாயியின் அழுகை பாதியில் நின்றது. கழுத்தைக் கட்டியிருந்த கையை எடுக்காமலே முகத்தை மட்டும் பின்னால் இழுத்துப் பார்த்தாள்.

"இரு மதினி. எந்தப் பட்டு?"

"சீருப் பட்டு."

"எம்மக பட்டா?"

"ஆமா."

வெளியே தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது பரிமளம் குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்.

"அதான் பாத்தேன்! அந்தப் பட்டுல மாசிச் சம்பல் வாசம் அடிச்சுச்சு. நீங்க எந்தக் கடையில எடுத்தீங்களோன்னு அம்மா இன்னிக்கு வரைக்கும் கடக்காரனத் திட்டுது."

அவ்வளவுதான். முதலில் வேலாயி தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினாள். பக்கத்திலிருந்தவளுக்குத் தொற்றியது. வெளியே ஆண்கள், உள்ளே இத்தனை பெரிய அழுகையா என்று பேச்சை நிறுத்தினார்கள். காளியாயி மட்டும் சிரிக்கவில்லை. இந்த அடி எங்கே விழப்போகிறதோ என்று அம்மாக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீயா எடுத்தியா, அண்ணனா போத்துச்சா?"

"அவருதான். வேணாமுன்னேன், கேக்கல."

காளியாயி அண்ணன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க வீட்டு ஆளு," என்றாள் மெதுவாக, "இருவத்திரெண்டு வருசத்துல எனக்கு ஒரு சாக்குக்கூடப் போத்துனதில்ல, மதினி."

அம்மாக்கண்ணுவுக்கு அப்போதுதான் உடைந்தது. நேற்றிலிருந்து அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பி, ஓவென்று அழுதாள். காளியாயியும் அழுதாள். இந்த முறை இரண்டு பேருக்கும் பாட்டு வரவில்லை. "நல்ல மனுசன் மதினி." "நல்ல மனுசன்டி." இதையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு அழுதார்கள்.

"அஞ்சு நிமிசந்தான் இருக்கு! ரயில் நேரத்துக்கே அஞ்சு நிமிசம்!" என்று வாசலில் பண்டாரம் கத்தினார்.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டமும் பாய்ச்சலுமாக நடந்தது. உடம்பைத் தூக்கினார்கள், பாடையில் வைத்தார்கள், கோடித் துணியைப் போர்த்தினார்கள், வாய்க்கரிசி போட்டார்கள். முத்துலிங்கம் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நின்றான். தலைவர் பெரியதம்பி முன்பக்கத் தோளுக்கு வந்தார். நாலு பேர் ஒரே மூச்சில் தூக்கிவிட்டார்கள். லயத்து முனை வரைக்கும்தான் பெண்கள் போகலாம். அம்மாக்கண்ணு பாடையைப் பார்த்தாள். ஊருக்குச் சொல்லியாயிற்று, நாத்தனாருக்குச் சொல்லியாயிற்று. கேட்டது அவர். அவருக்கு இன்னும் பதில் போகவில்லை.

"இருங்க!" என்று ஓடினாள்.

"தூக்குனதக் கீழ வைக்கப்படாது!" என்றார் பண்டாரம்.

"வைக்கச் சொல்லல. குனியச் சொல்றேன்."

தலைவர் முத்துலிங்கத்தைப் பார்த்தார். "அம்மா சொல்றதச் செய்ங்க மாமா," என்றான் முத்துலிங்கம். நாலு பேரும் பாடையைத் தோளிலிருந்து இறக்காமல் மெல்லக் குந்தினார்கள். அம்மாக்கண்ணு பாடையைப் பிடித்துக்கொண்டு புருசன் காதருகே வாயை வைத்தாள்.

"சந்தோசமாத்தான் இருந்துச்சுங்க," என்றாள். "நான் சொன்னது பொய். ரொம்ப சந்தோசமா இருந்துச்சு."

சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அடக் கடவுளே, இது கேக்காத காது!"

மணிக்குப் பக்கத்திலேயே நின்று அடித்து அடித்து அவருக்கு இடது காது எப்போதோ போய்விட்டது. வீட்டில் எதைச் சொன்னாலும் வலப்பக்கம் போய்த்தான் சொல்ல வேண்டும். செத்தவருக்கு எந்தக் காதானால் என்ன என்று கேட்க அங்கே யாருக்கும் தைரியம் இல்லை. அவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, தலைவர் முதுகுக்குப் பின்னால் நுழைந்து, கொள்ளிச்சட்டிப் புகைக்குள்ளே புகுந்து, பாடையைச் சுற்றி அந்தப் பக்கம் வந்தாள். தப்பு அடிக்கிறவர்களைக் கையைக் காட்டி நிறுத்தினாள். குனிந்தாள்.

என்ன சொல்கிறாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் ஒரு சொல்லோடு நிற்கவில்லை. உதடு அசைந்துகொண்டே இருந்தது. நடுவில் ஒரு கை தன்னால் எழுந்து தூரத்தில் எதையோ காட்டியது. ஒருதரம் சிரித்தாள்கூட. காளியாயி மூக்கைத் துடைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். பண்டாரம் கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், வாயைத் திறந்தார், முத்துலிங்கம் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

குந்தியிருந்த தலைவருக்கு முழங்கால் நடுங்கத் தொடங்கியது.

"தாயி," என்றார் கெஞ்சுகிற குரலில், "முடிஞ்சிருச்சா? தோளு போகுது."

அம்மாக்கண்ணு தலையை நிமிர்த்தவில்லை.

"கொஞ்சம் பொறுங்க தலைவரே," என்றாள். "இப்பத்தான் அப்புத்தளையில எறங்கியிருக்கோம்."